கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போன எஞ்சின்

1931-இல் மதராஸ் கடற்கரை – தாம்பரம் மீட்டர்கேஜ் பாதைக்கு மின்சாரம் வந்தது. ஊர் பேசியதெல்லாம் பயணிகள் வண்டியைப் பற்றித்தான். அதே தண்டவாளத்தில் சரக்கும் போனது. அதற்காகத் தென்னிந்திய ரயில்வே வாங்கிய ஒய்சிஜி-1 வகை எஞ்சின் இது.

தலைக்கு மேல் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டக் கம்பி. கூட்ஸ் யார்டின் சைடிங் என்ற கிளைத் தண்டவாளங்களுக்குள் அந்தக் கம்பி கிடையாது. வேகன்களை அங்கே கொண்டுபோய் விடுவது எப்படி? எஞ்சினோடு ஒரு பேட்டரி வண்டியைக் கோத்தார்கள். கம்பி முடிந்த இடத்துக்கு அப்பால் கையிருப்பு மின்சாரத்தில், வேகன்களை நகர்த்திச் சேர்க்கும் ஷண்டிங் வேலை நடந்தது. வெளியூர் போகிறவர் கட்டுச்சோறு எடுத்துப்போவதைப் போலத்தான்.

எஞ்சின் எதுவானாலும் ஷண்டிங் என்பது கையால் செய்கிற வேலை. மீட்டர்கேஜ் வேகனுக்கு நடுவில் ஒரே பஃபர், அதிலேயே கொக்கி. இரண்டு பஃபர்களும் முட்டியதும் ஆள் உள்ளே புகுந்து கொக்கியை மாட்ட வேண்டும். டிரைவருக்கு அவர் தெரியமாட்டார். அதனால் கொடியால் சைகை காட்டுவார்கள். பச்சைக் கொடி மேலும் கீழும் அசைந்தால் ‘தள்ளிப் போ’. உடம்புக்குக் குறுக்கே அசைந்தால் ‘கிட்டே வா’. சிவப்பு காட்டினால் ‘நில்’. இரவில் கொடிக்குப் பதில் கைவிளக்கு. அந்த வெளிச்சத்தை நம்பித்தான் ஒருவர் இரண்டு வேகன்களுக்கு நடுவே நின்றார். பார்வையாளர்கள் எஞ்சினின் முகப்பைப் படம் எடுப்பார்கள்; கொக்கி இருக்கும் உயரத்தையும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

1960களின் இறுதியில் பாதை 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறியது. இந்த எஞ்சின்களுக்கு அதன்பின் அங்கே வேலை இல்லை.