செருப்பு கடித்த இடம்

புதுச் செருப்பு கடித்தால் குதிகாலில் கொப்புளம் வரும். உள்ளே நீர்தான் இருக்கும், ரத்தம் இருக்காது. ஆறிய பின் தழும்பும் பெரும்பாலும் தங்காது. உரசலில் பிளந்தது மேல்தோல் மட்டும். அங்கே ரத்தக் குழாயே கிடையாது.

கடித்த செருப்பும் தோல்தான் என்பது வேடிக்கை. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து டேனரிகளில் பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போடுவார்கள். ஊறியதும் மயிரும் மேல்தோலும் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். அடியில் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் சீவி எறிவார்கள். மிஞ்சுகிற நடுத்தோல்தான் செருப்பாகிறது. பாடப்புத்தகம் படம் போட்டுக் காட்டும் மூன்று அடுக்குகளும் அங்கே தனித்தனியாகக் கிடக்கும்.

நடுத்தோலின் பலம் கொலாஜன் என்ற புரத நார். எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்கும்படி குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். ஆவாரம்பட்டையின் துவர்ப்பு இந்த நாரைப் பிடித்துக்கொண்டுதான் தோலை அழுகாமல் காத்தது. இப்போது பெரும்பாலும் குரோமிய உப்பு. உயிருள்ள உடம்பில் ரத்தக் குழாய், நரம்பு, வியர்வைச் சுரப்பி, மயிர்க்கால் எல்லாம் குடியிருப்பது இந்த அடுக்கில். பச்சை குத்திய மை தங்குவதும் இங்கேதான். மேல்தோலோடு நின்றிருந்தால் ஓரிரு மாதத்தில் உதிர்ந்து போயிருக்கும்.

மேல்தோல் ஓயாமல் உதிர்கிற சங்கதி. அடியில் பிறக்கும் செல் மேலே வர வரத் தட்டையாகி, கெரட்டின் நிறைந்து, செத்து, ஏறக்குறைய 4 வாரத்தில் உதிரும். சோரியாசிஸ் வந்தவருக்கு அது மேலே வந்து சேர 3, 4 நாளே போதும். முதிராத செல்கள் குவிந்து செதில் செதிலாக உரியும். நோய் எதிர்ப்பாற்றல் தடம் மாறியதால் வருவது, தொற்றாது. வெண்புள்ளியும் தொற்றாது. அங்கே நிறமிச் செல்கள் அழிகின்றன, அவ்வளவுதான். ‘வெண்குஷ்டம்’ என்று யாரோ வைத்த பெயர் எத்தனை கல்யாணங்களை நிறுத்தியதோ! நிறமிச் செல்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறத்தாழ ஒன்றே; அவை தயாரிக்கும் மெலனினில்தான் வித்தியாசம்.

படர்தாமரைப் பூஞ்சைக்குத் தீனி அந்தச் செத்த கெரட்டின். அதனால் ஆழத்துக்குப் போகாமல் பக்கவாட்டில் படர்கிறது. நடுவில் ஆறி, ஓரம் சிவந்து வட்டமாகிறது. பெயர் வைத்தவர் உற்றுப் பார்த்தவர். எனக்கும் ஒருமுறை தொடையில் காசளவு வந்தது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கிப் பூசினேன். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. மாத முடிவில் பார்த்தால் உள்ளங்கை அகலம்! அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. அது சிவப்பையும் அரிப்பையும் அடக்கும். பூஞ்சையைத் தடுக்கும் எதிர்ப்பையும் சேர்த்தே அடக்கிவிடும்.

அரிக்கிற படையைவிட அரிக்காத படைக்குத்தான் நான் பயப்படுவேன். வெளிறியோ சிவந்தோ தெரியும் தேமல் போன்ற இடத்தில் உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோயாக இருக்கலாம். அந்தக் கிருமி தோலின் நரம்புகளைத் தாக்குகிறது. சோதனை எளிது. கண்ணை மூடச் சொல்லி, பேனா முனையால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வார்கள். காட்ட முடியாதவருக்கு அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். தாமதித்தால் நரம்பு செத்து, செருப்பு கடிப்பதுகூடத் தெரியாமல் நடந்து நடந்து பாதம் புண்ணாகிவிடும்.