பொம்பளைக் கூலி

திருச்சுழியிலிருந்து நரிக்குடிப் பக்கம் போகும்போது புகைவாடை கூடவே வரும். சீமைக்கருவேலத்தை வெட்டி, கட்டைகளை நெருக்கி அடுக்கி, சருகும் மண்ணும் போட்டு மூடி உள்ளே நெருப்பு வைத்திருப்பார்கள். கரிமூட்டம். நெருப்பு உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்க வேண்டும். எங்காவது வெடிப்பு விட்டுக் காற்று புகுந்துவிட்டால் கரி சாம்பலாகிவிடும். பட்ட பாடெல்லாம் வீண். அதனால் ராத்திரியிலும் ஆள் காவல் இருந்து, புகை கிளம்புகிற இடத்தில் மண்ணை அப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

மரத்தை வெட்டுவது பெரும்பாலும் ஆண். விறகு சுமப்பது, மண் அள்ளிப் போடுவது, குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து அணைப்பது, சூடு ஆறும் முன்பே கரியைப் பொறுக்கித் தூள் வேறு கட்டை வேறாகப் பிரித்து மூட்டை கட்டுவது எல்லாம் பெரும்பாலும் பெண். மூட்டைக்கு இவ்வளவு என்று பேச்சு. பணம் கணவன் கைக்குப் போகும். வாங்கிய முன்பணமும் அவர் பெயரில்தான் நோட்டில் இருக்கும். கூடவே வெந்து கறுத்த அந்தப் பெண்ணுக்குக் கூலி எவ்வளவு என்று கேட்டால் பதில் கிடையாது. அப்படி ஒரு கணக்கை யாரும் எழுதவே இல்லை.

கரிமூட்டத்தில் பெண்ணுக்குத் தனிக் கூலியே இல்லை. காட்டு வேலையில் தனியாக இருக்கிறது, குறைவாக. அருப்புக்கோட்டையைச் சுற்றி கரிசல் மானாவாரிதான். பருத்தி, மக்காச்சோளம், கம்பு, குதிரைவாலி, மல்லி. ஐப்பசி மழையை நம்பி விதைப்பு. களை எடுக்க ஆள் கூப்பிடும்போதே ஆம்பளைக் கூலி இவ்வளவு, பொம்பளைக் கூலி இவ்வளவு என்று இரண்டு விலை சொல்வார்கள். சொல்கிறவருக்கும் கூச்சம் இல்லை, கேட்கிறவருக்கும் அதிர்ச்சி இல்லை. பஸ் டிக்கெட் விலை மாதிரி அது. பருத்தி எடுக்கவும் மல்லிகைப் பூப் பறிக்கவும் எடைக்குக் கூலி பேசினால் மட்டும் இந்த வித்தியாசம் மறைந்துபோகிறது. அப்போது தராசு என்ன காட்டுகிறதோ அதுதான் கூலி.

ஏன் குறைவு என்று கேட்டால் முன்பு 'பொம்பளைக்கு பலம் குறைவு' என்பார்கள். இப்போது அதை அவ்வளவாகச் சொல்வதில்லை. 'காலம் சரியில்லை, பார்த்துப் போங்க' என்பதுதான் பதில். காலம் சரியில்லை என்பது பொய்யும் இல்லை. மழை ஏமாற்றும், மழை பெய்த வருஷம் விலை ஏமாற்றும். 2018-ல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைக் குருத்தோடு தின்றது. அதே ஆண்டில்தான் மத்திய அரசு எங்கள் விருதுநகரைப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்து 'முன்னேற விழையும் மாவட்டம்' என்று பெயர் வைத்தது. சம்சாரியின் கஷ்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் கஷ்டத்துக்காக டீசல் விலை இறங்குவதில்லை. மருந்துக் கடைக்காரர் குறைத்து வாங்குவதில்லை. ஆம்பளைக் கூலியும் இறங்குவதில்லை. பொம்பளைக் கூலி மட்டும் இறங்கி நிற்கிறது. இந்த மண்ணில் கெட்ட காலம் எப்போதோ ஒருமுறை வந்து போகிற விருந்தாளி இல்லை. கெட்ட காலத்துக்கென்று ஒரு கூலி வைத்தால் அது வருஷம் முழுக்க நிற்கும்.

இந்தக் 'காலம் சரியில்லை' என்கிற வாதத்துக்கு உச்ச நீதிமன்றம் என்றைக்கோ பதில் சொல்லிவிட்டது. சம ஊதியச் சட்டம் 1976-ல் வந்தது. பம்பாயில் மெக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் நிறுவனத்தில் ஸ்டெனோகிராபராக இருந்த ஆட்ரி டி'கோஸ்டா, ஆண் ஸ்டெனோகிராபர்களைவிடத் தனக்குக் குறைத்துக் கொடுத்தார்கள் என்று வழக்குப் போட்டார். நிறுவனம் நிதி நெருக்கடியைக் காரணம் காட்டியது. 1987 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. இந்தச் சட்டம் பொருந்துமா பொருந்தாதா என்பது முதலாளியின் வசதியைப் பொறுத்தது அல்ல என்று நீதிபதிகள் எழுதினார்கள்.

கொரோனா காலத்திலும் இதே பேச்சு எழுந்தது. 2020 ஏப்ரலில் குஜராத் அரசு, ஆலைகளில் 12 மணி நேரம் வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டாம் என்று அறிவித்தது. அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பொருளாதார மந்தத்தைக் காட்டித் தொழிலாளியின் உரிமையைப் பறிக்க முடியாது என்றது. நெருக்கடி வந்தால் முதலில் பெண்ணின் மேல் கை வைப்பது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. பெருமந்தக் காலத்தில், 1932-ல், அமெரிக்காவே ஒரு சட்டம் போட்டது: ஆட்குறைப்பு வந்தால், கணவனும் மனைவியும் அரசு வேலையில் இருக்கும் வீட்டில் ஒருவரை முதலில் அனுப்பு. வீட்டுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் மனைவிமார். அதை நீக்க 1937 ஆயிற்று.

அருப்புக்கோட்டை என்றால் நூற்பாலையும்தான். பெண்கள் இரவு ஷிப்ட் பார்க்கக் கூடாது என்றிருந்த தொழிற்சாலைச் சட்டப் பிரிவை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. சம வாய்ப்புக்கு அது பெரிய கதவு. ஆனால் தமிழ்நாட்டு நூற்பாலைகள் பலவற்றில் அந்தக் கதவு வழியே உள்ளே வந்தது வேறொன்று. கல்யாணமாகாத சிறுபெண்களாகப் பார்த்து எடுத்து, 'அப்ரண்டிஸ்' என்று பெயர் போட்டு, ஹாஸ்டலில் தங்கவைத்து, மூன்று வருஷம் முடிந்தால் மொத்தமாகப் பணம் என்ற 'சுமங்கலித் திட்டம்'. வறண்ட மாவட்டத்துப் பிள்ளைகளைத் தேடி ஏஜெண்டுகள் வந்தார்கள். கல்யாணமான பெண்ணுக்கு இடம் இல்லை. நிரந்தர வேலை என்ற பேச்சே இல்லை. நூல் தேங்கி ஷிப்டைக் குறைக்கிறபோது இப்படிச் சேர்ந்தவர்களை நிறுத்துவது சுலபம், கேட்க நாதி இல்லை.

இந்தச் சீமையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பதைக் கண்ணால் காட்டியது நூறு நாள் வேலைதான். எங்கள் பக்கம் 2008 ஏப்ரலில் வந்தது. 2022-23-ல் அதன் கூலி தமிழ்நாட்டில் 281 ரூபாய். அதே ஆண்டு மாநிலத்தில் கிராமத்து விவசாயக் கூலி சராசரி சுமார் 470 ரூபாய் என்கிறது ரிசர்வ் வங்கியின் கையேடு. அந்த அட்டவணையின் தலைப்பை உற்றுப் பாருங்கள்: அது ஆண்களின் கூலி. 470 வாங்குகிறவர் 281-க்கு ஏன் வரப்போகிறார்? வந்தவர்களில் பத்துக்கு எட்டுக்கும் மேல் பெண்கள். அவர்களுக்கு அது குறைந்த கூலியாகத் தெரியவில்லை. தன் பெயரில் பாஸ்புக், அதில் தன் பணம். 'அதுக்கே போய்க்கிடுதேன்' என்று சொல்ல ஒரு இடம் இருந்ததால் காட்டுக் கூலியையும் கொஞ்சம் கேட்டு வாங்க முடிந்தது. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம் நாட்களை 125 ஆக்கியிருக்கிறது. அதோடு விதைப்பும் அறுப்பும் நடக்கிற காலத்தில் 60 நாட்கள் வரை வேலையை நிறுத்திவைக்கவும் வழி செய்திருக்கிறது. மானாவாரியில் பெண் கூலியைப் பேசி ஏற்றக்கூடிய நாட்களே அவைதான். எனக்கு இது நல்லதாகப் படவில்லை.

ஆட்ரி டி'கோஸ்டாவிடம் சம்பளச் சீட்டு இருந்தது. அதைக் கொண்டுபோய் வழக்காட முடிந்தது. மூட்டத்தடியில் மண் அப்புகிற பெண்ணிடம் எந்தச் சீட்டும் இல்லை. கரி வியாபாரிகளிடமும் காடு வைத்திருப்பவர்களிடமும் ஒன்றைத்தான் கேட்கிறேன். இந்த வருஷக் கணக்கு நோட்டில் அவள் பெயரையும் ஒரு வரியாக எழுதுங்கள். பக்கத்தில் தொகையைப் போடுங்கள். அதை அவள் கையிலேயே கொடுங்கள்.