ஒரே பெயர், இரண்டு செல்கள்

கருவின் ஸ்டெம் செல் எதுவாகவும் மாறும். வளர்ந்த உடலின் ஸ்டெம் செல் தன் வேலையை மட்டுமே செய்யும். இரண்டையும் குழப்பி நடக்கிறது ஒரு வியாபாரம்.

வெற்றிலைக் கடைகளில் புகையிலையோடு விற்கும் சுண்ணாம்புப் பாக்கெட் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள். அழுத்தினால் வெடித்துக் கண்ணில் தெறிக்கும். கருவிழியின் ஓரம் வெந்துபோகும். நாளடைவில் அதன் மேல் படலம் வளர்ந்து பார்வை மறையும்.

ஐதராபாத்தில் உள்ள எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தின் டாக்டர்கள் இப்படிக் கெட்டுப்போன கண்களைச் சீர்செய்ய 2001-ல் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் ஓரத்தில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. கருவிழியின் மேற்பரப்பை ஆயுள் முழுவதும் புதுப்பிப்பவை இவைதான். நோயாளியின் நல்ல கண்ணிலிருந்து துளித் திசுவை எடுத்து, பிரசவத்தின்போது கிடைக்கும் பனிக்குடச் சவ்வின் மீது வளர்த்து, கெட்ட கண்ணில் பொருத்தினார்கள். 2011-ல் வெளியான அவர்களது ஆய்வறிக்கையில் 200 நோயாளிகளின் கணக்கு இருந்தது. 71 சதவிகிதம் வெற்றி. மற்றவர்களுக்குப் பலனில்லை என்பதையும் அறிக்கை மறைக்கவில்லை.

வளர்ந்த உடலில் இருக்கும் ஸ்டெம் செல்லுக்கு இது நல்ல உதாரணம். அதற்கு ஒரு வீடு, ஒரு வேலை. கண்ணின் ஓரத்தில் இருப்பது கருவிழியின் தோலைத் தரும். எலும்பு மஜ்ஜையில் இருப்பது ரத்தத்தைத் தரும். மஜ்ஜை செல்லின் இந்தத் திறமையை 1961-ல் எலிகளில் நிரூபித்தவர்கள் கனடா விஞ்ஞானிகளான ஜேம்ஸ் டில்லும் எர்னஸ்ட் மெக்கல்லக்கும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983-லேயே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடந்தது. இன்று ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் அது வழக்கமான சிகிச்சை.

கருவின் ஸ்டெம் செல் வேறு ரகம். கரு உருவான ஐந்தாம் நாள் அது நூறு, நூற்றைம்பது செல்கள் கொண்ட சிறு உருண்டை. அதன் உட்புறக் கொத்திலிருந்துதான் மூளை, இதயம், எலும்பு என்று முழு உடலும் உருவாகிறது. அந்தச் செல்களைப் பிரித்தெடுத்து பரிசோதனைக் கூடத்தில் வளர்க்க முடியும் என்று 1998-ல் காட்டினார் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக விஞ்ஞானி ஜேம்ஸ் தாம்சன். சர்ச்சையும் கூடவே வந்தது. செல்லை எடுத்தால் கரு அழிந்துவிடும்.

2001 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், ஏற்கெனவே இருக்கும் செல் வரிசைகளுக்கு மட்டுமே அரசுப் பணம் என்று அறிவித்தார். தகுதி பெற்ற 64 வரிசைகளில் பத்து இந்தியாவில் இருந்தன. ஏழு மும்பையின் ரிலையன்ஸ் லைஃப் சயின்ஸஸிடம், மூன்று பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்திடம்.

எதுவாகவும் மாறும் என்பதே கருச் செல்லின் பலம். ஆபத்தும் அதுவே. அப்படியே உடலில் செலுத்தினால், பல்லும் முடியும் கூட முளைக்கக்கூடிய கட்டியாகிவிடலாம். எனவே தேவையான செல்லாக முதலில் வெளியே மாற்றியாக வேண்டும். அப்படி உருவாக்கிய இன்சுலின் சுரக்கும் செல்களை, கடுமையான முதல் வகை நீரிழிவு நோயாளிகள் 12 பேருக்குச் செலுத்திய ஆய்வின் முடிவு 2025-ல் வந்தது. ஓராண்டுக்குப் பின் 10 பேருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. ஆனால் அந்நியச் செல் என்பதால் நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து அவசியம்.

நடுவில் ஒரு வழியைத் திறந்தவர் ஜப்பானின் ஷின்யா யமனாகா. 2006-ல் எலியின் தோல் செல்லில் நான்கு ஜீன்களைப் புகுத்தி, அதைக் கருச் செல்லின் நிலைக்கே திருப்பினார். மறு ஆண்டு மனித செல்லிலும் இது பலித்தது. கருவை அழிக்க வேண்டியதில்லை. 2012-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கட்டியாகிவிடும் அபாயம் மட்டும் இங்கும் விலகவில்லை.

இந்த வித்தியாசம் தெரியாத பெற்றோரை நம்பித்தான் சில கிளினிக்குகள் பிழைக்கின்றன. ஆட்டிசம், பெருமூளை வாதம் என்று வரும் குழந்தைகளின் இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்து, அதிலுள்ள செல்களை முதுகுத் தண்டு நீரில் செலுத்துகிறார்கள். நரம்பாக மாறும் என்பது வாக்குறுதி. விளம்பரத்தில் இருப்பது கருச் செல்லின் வல்லமை. ஊசியில் இருப்பதோ ரத்தம் தயாரிக்கப் பழகிய செல். கணக்கு லட்சங்களில் போகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் ரத்த நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சையை மட்டுமே வழக்கமான ஸ்டெம் செல் சிகிச்சையாக ஏற்கின்றன. மற்றவை பதிவு செய்யப்பட்ட ஆய்வாகவே நடக்க வேண்டும். ஆட்டிசத்துக்கு இந்தச் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பணம் கட்டும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை நான்கே கேள்விகள். செல் எங்கிருந்து எடுக்கப்படுகிறது? உடலில் அதன் இயல்பான வேலை என்ன? ஆய்வு என்றால் எங்கே பதிவாகியிருக்கிறது, பிறகு கட்டணம் எதற்கு? எத்தனை பேருக்குப் பலிக்கவில்லை?

ஐதராபாத் டாக்டர்களிடம் கடைசிக் கேள்விக்கு எண்ணிக்கையில் பதில் இருந்தது. பதில் இல்லாத இடத்திலிருந்து குழந்தையை அழைத்துக்கொண்டு வெளியேறிவிடுவது நல்லது.