டிங்… கொட்டகலை கூப்பிடுது!

ஹட்டன் ஸ்டேஷனில் டிக்கட் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் நமக்குப் பழக்கம். சிவனொளிபாதமலைக் காலத்தில் அந்த ஜன்னலை எட்டுவதே பெரும்பாடு. இன்றைக்கு யோகம்! ஸ்டேஷன் மாஸ்டர் தலையை ஆட்டி உள்ளே விட்டுவிட்டார். வாங்க, சத்தம் போடாமல் என் பின்னாலேயே வாங்க. ஒரே நிபந்தனை: எதையும் தொடக்கூடாது.

அறையா, பழைய சாமான் கடையா? கதவுக்குப் பின்னால் சொட்டிக்கொண்டு ஒரு ரெயின்கோட். மூலையில் சுருட்டிய சிவப்பு, பச்சைக் கொடிகள். தலையணை கனத்தில் பதிவேடுகள், அவற்றின் மேல் யாருடையதோ சோற்றுப் பார்சல். இத்தனைக்கும் நடுவே மரமும் பித்தளையுமாகக் கம்பீரமாக நிற்கும் இரண்டு பெட்டிகள். பார்க்கத் துடித்தது இவற்றைத்தான். டெப்லட் பெட்டிகள்!

டிங்!

நான் துள்ளியே விட்டேன். மாஸ்டர் நிமிரக்கூட இல்லை. எழுதிக்கொண்டிருந்த பேனா ஒரு கையில் இருக்க, மறு கை தானாகப் போய்ப் பொத்தானை அழுத்துகிறது. “கொட்டகலை கூப்பிடுது” என்றார். பார்க்காமலே எப்படி சேர்? “இவன் சத்தம் வேற, கீழ்ப்பக்கத்து மணி சத்தம் வேற. தூக்கத்துலயும் தெரியும்” என்றவர், “தூங்குறதில்ல, எழுதிறாதீங்க” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். பக்கத்துக்கு ஒரு குரல் என்பது பிரிட்டிஷ் ரயில்வேயின் பழைய வழக்கம். கண் வேறு வேலையில் இருந்தாலும் அழைப்பது யாரென்று காது சொல்லிவிடும். என்ன மூளை!

இனிதான் வேடிக்கை. “வண்டி அனுப்பட்டுமா?” என்று கொட்டகலை மணியிலேயே கேட்கிறது. எத்தனை அடி, எந்த இடைவெளி என்பதில்தான் கேள்வி இருக்கிறது. ஹட்டன் அதே அடிகளை அப்படியே திருப்பி அடிக்கிறது. சும்மா ‘கேட்டது’ என்றல்ல, ‘நீ சொன்னது இதுதானே’ என்று. பிறகு மாஸ்டர் பொத்தானை அழுத்திப் பிடிக்கிறார். அப்போதுதான் அங்கே ஒரு வட்டத் தகடு வெளியே வரும். அதுதான் டெப்லட், ட்ரைவரின் அனுமதிச் சீட்டு. அது அங்கேயோ இங்கேயோ பெட்டிக்குள் திரும்பிப் போகும்வரை இரண்டு ஸ்டேஷன் பெட்டியிலிருந்தும் அடுத்த தகடு வராது, கெஞ்சினாலும் வராது. பெட்டி முகத்தில் இருக்கும் குட்டி ஜன்னலிலும் எழுத்து மாறிவிட்டது. மணியைக் கேட்கத் தவறியவருக்கும் அந்த ஜன்னல் சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டு ஸ்டேஷனுக்கும் இடையில் இருப்பது ஒற்றைத் தண்டவாளம். அதில் சிங்கமலைச் சுரங்கம் வேறு, அரைக் கிலோமீற்றருக்கும் மேல் இருட்டு. உள்ளே இரண்டு வண்டி நேருக்கு நேர் வந்தால்? நினைக்கவே வேண்டாம்.

நினைத்தவர் ஒருவர் இருந்தார். 1874 செப்டெம்பரில் இங்கிலாந்தின் நோரிச் நகருக்குப் பக்கத்தில், தோர்ப் என்ற இடத்தில், அதிகாரி கையெழுத்து வைக்கும் முன்பே ஒரு தந்தி கிளம்பிவிட்டது. ரத்து செய்யப் பார்த்தார்கள். ‘மெயில் வண்டி போயாச்சு’ என்று பதில் வந்தது. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டிகள் மோதி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதன் பிறகு எட்வர்ட் டயர் என்பவர் 1878இல் கொண்டுவந்ததுதான் இந்த ஏற்பாடு. அந்த விபத்து நடந்த அதே 1874இல்தான் நம் ரயில் நாவலப்பிட்டியைத் தொட்டது. ஹட்டனுக்கு ஏறி வர இன்னும் பத்து வருஷம்.

திருப்பி அடித்து உறுதிசெய்யும் இந்த மணி எங்கே, என் கணினி எங்கே! அதன் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி எந்நேரமும் மினுங்கும். புதுச் செய்தியாம். நான் பார்த்தேனா, புரிந்துகொண்டேனா என்று அதற்கு அக்கறையே கிடையாது. அதை வடிவமைத்தவர்களை ஒரு நாள் இந்த அறையில் உட்கார வைக்கவேண்டும், பிளேன்டீயும் கொடுத்து.

ஆள் கூப்பிடும் சத்தம் இந்த மலைக்குப் புதிதல்ல. விடியுமுன் லயத்தில் தப்பு அடித்து, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு எழுப்பிய காலம் தோட்டத்தில் உண்டு. ஆனால் அது ‘வரலாமா’ என்று யாரையும் கேட்கவில்லை. இந்த மணி கேட்கிறது, பதிலுக்குக் காத்தும் நிற்கிறது. எனக்கு இதைப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளியே ஹார்ன்! பொடி மெனிக்கே ரயில் இறங்கி வருகிறது. பிளாட்ஃபார ஊழியர் அண்ணன் பெரிய வளையம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுகிறார். அடுத்த துண்டுப் பாதைக்கான தகடு, வளையத்தில் தொங்கும் தோல் பைக்குள் இருக்கிறது. இந்தக் குளிரிலும் அவர் நெற்றியில் வியர்வை. எஞ்சின் நெருங்க, ட்ரைவர் கையை நீட்ட, ஒரு வளையம் இறங்குகிறது, ஒரு வளையம் ஏறுகிறது. கண் சிமிட்டினால் போச்சு. வந்த தகடு அறைக்குள் ஓடுகிறது. மாஸ்டர் அதைப் பெட்டிக்குள் தள்ளி, ‘வந்து சேர்ந்தது’ என்று கொட்டகலைக்கு மணியடிக்கிறார். அங்கிருந்து பதில் மணி. குட்டி ஜன்னல் பழைய எழுத்துக்குத் திரும்புகிறது. அதற்குப் பிறகுதான் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தேடுகிறார். அது எப்போதோ ஆறிவிட்டது.

ரயில் பெட்டியிலிருந்து எட்டிப் பார்த்த வெள்ளைக்காரப் பிள்ளை ஒன்று, வளையத்தைக் காட்டி டென்னிஸ் மட்டையா என்று கேட்டது. அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்: “ஆமா பாப்பா. நான் கைதவற விட்டா ஒங்க வண்டி அவுட்டு!”