நெஞ்சில் ஒட்டிய கருவி யாருடன் பேசுகிறது?

“வீட்டுக்குச் சென்ற பிறகும் மருத்துவமனையில் எங்கள் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்களா?” நெஞ்சில் ஒட்டும் இ.சி.ஜி. கருவியுடன் வீடு திரும்பும் நோயாளிகளும் குடும்பத்தினரும் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கருவியின் பதிவுகள் எந்த வழியாக எங்களை வந்தடைகின்றன என்பதை அறிந்தால்தான் இதற்குச் சரியான விடை கூற முடியும். அந்த வழியில் இப்போது ஒரு மாற்றம் வந்துகொண்டிருக்கிறது.

முதுகுச் சுமையிலிருந்து சிறு பட்டை வரை

நடமாடும் மனிதரின் இதய மின்னலைகளை வானொலி அலைகள் மூலம் அனுப்பிக் காட்டியவர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர். 1940களின் இறுதியில் அவர் முதுகில் சுமந்த கருவியின் எடை ஏறத்தாழ 38 கிலோ. இன்று அதே பணியை நெஞ்சில் ஒட்டும் ஒரு சிறு பட்டை செய்துவிடுகிறது. எடை குறைந்துவிட்டது; ஆயினும் பதிவைத் தொலைவுக்கு அனுப்பும் சிக்கல் முற்றிலும் தீரவில்லை.

இத்தகைய பட்டைகளில் பல, புளூடூத் மூலம் அருகிலுள்ள கைப்பேசிக்குத்தான் பதிவை அனுப்புகின்றன. கைப்பேசியே அதை இணையத்தின் வழியாக எங்களுக்குச் சேர்க்கிறது. இந்த இடைநிலை அறுந்தால் என்ன நேரும் என்பதை ஒரு மூதாட்டியின் சிகிச்சையில் கண்டோம். அடிக்கடி மயங்கி விழுந்ததால் அவருக்குப் பட்டை ஒட்டி அனுப்பினோம். வீட்டிலிருந்த ஒரே திறன்பேசி மகனுடையது. அவர் இரவுப் பணிக்குச் செல்லும்போது அதுவும் உடன் சென்றுவிட்டது. அதிகாலையில் மூதாட்டியின் இதயம் ஆறு நொடிகள் நின்று மீண்டும் துடித்தது. பட்டை அதைப் பதிந்து வைத்திருந்தது. மகன் வீடு திரும்பிய பின்னரே அப்பதிவு எங்களை வந்தடைந்தது. நல்வாய்ப்பாக அவர் நலமாக இருந்தார், பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. ஆயினும் அந்த இடைவெளியை எங்களால் மறக்க இயலவில்லை. மகன்மீது குறை சொல்வதற்கில்லை. கைப்பேசி அருகிலேயே இருக்க வேண்டும் என்பதை நாங்கள்தாம் இன்னும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

‘ரெட்கேப்’ என்றால் என்ன?

கருவியே நேரடியாகக் கைப்பேசிக் கோபுரத்துடன் பேசினால் இந்த இடைவெளி குறையும். ஆனால், வழக்கமான 5ஜி சில்லு விலை மிகுந்தது. மின்கலத்தையும் விரைவில் தீர்த்துவிடும். மறுபுறம், குடிநீர் மீட்டர் போன்றவற்றுக்காக உருவான மிகச் சிக்கனமான வலையமைப்புகள் சிறு சிறு தகவல்களுக்கே ஏற்றவை. இவ்விரண்டுக்கும் நடுவில் அமைந்ததே ‘ரெட்கேப்’ எனப்படும் எளிமையாக்கப்பட்ட 5ஜி. உலகக் கைப்பேசித் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு, 2022இல் நிறைவுசெய்த தனது 17ஆம் வெளியீட்டில் இதைச் சேர்த்தது.

இதன் சிக்கனம் எளிதில் விளங்கக்கூடியது. பரவலாகப் பயன்படும் 5ஜி அலைவரிசைகளில் ஒரு கைப்பேசி 100 மெகாஹெர்ட்ஸ் அகலம் வரை பயன்படுத்தலாம்; ரெட்கேப் கருவிக்கு 20 மெகாஹெர்ட்ஸே உச்சம். அகன்ற நெடுஞ்சாலைக்குப் பதிலாக ஒரு தெரு என்று கொள்ளலாம். அலைகளை வாங்கும் உணர்கொம்புகளும் ஒன்றோ இரண்டோ போதும். வேலையில்லாத நேரத்தில் கருவி நெடுநேரம் உறங்கி மின்கலத்தைக் காக்கவும் முடியும்.

நோயாளிக்கு அந்தத் தெருவே தாராளம். ஒற்றைத் தட இ.சி.ஜி.யில் நொடிக்கு 250 அளவீடுகள், ஒவ்வொன்றும் 16 பிட் என்று கணக்கிட்டால், ஒரு முழு நாளின் பதிவு ஏறத்தாழ 43 மெகாபைட்தான். பல தடங்களையும் குரல் அழைப்பையும் சேர்த்தாலும் இடம் மிஞ்சும். நமக்கு வேண்டியது அதிவேகம் அன்று; அறுபடாத தொடர்பும் நீடித்த மின்கலமுமே.

எதிர்பார்க்கக் கூடாதவை

ரெட்கேப் கருவிகள் சந்தைக்கு வரத் தொடங்கியுள்ளன. பழைய 4ஜி உள்கட்டமைப்பைச் சாராத, முழுமையான 5ஜி வலையமைப்பு உள்ள இடங்களில்தான் இத்தொழில்நுட்பம் இயங்கும். ஆகவே, விளம்பரத்தை நம்பி வாங்கிவிடாதீர்கள். உங்கள் ஊரில் அச்சேவை உண்டா என்பதை முதலில் கேட்டறியுங்கள்.

அதைவிட முக்கியமானது ஒன்று. பதிவு எங்களை வந்தடைவது வேறு. அதை ஒருவர் அந்நொடியே பார்ப்பது வேறு. எவ்வளவு சிறந்த வலையமைப்பும் இரண்டாவதற்கு உறுதி தராது. மேலும், கைக்கடிகாரத்தின் ஒற்றைத் தட இ.சி.ஜி. சில துடிப்புச் சீர்கேடுகளைக் கண்டறிய உதவும். மாரடைப்பை அதனால் கண்டறிய இயலாது. நெஞ்சுவலி இருக்கும்போது கடிகாரம் ‘இயல்பு’ என்று காட்டினாலும் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

• உங்கள் கருவி கைப்பேசி வழியாக அனுப்புகிறதா, நேரடியாக அனுப்புகிறதா என்பதை வீடு திரும்பும் முன் செவிலியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
• கைப்பேசி வழி எனில், நோயாளி உறங்கும் அறையிலேயே, மின்னேற்றத்துடன், அதை வைத்திருங்கள்.
• பதிவுகளை யார், எந்த நேரத்தில் பார்ப்பார்கள் என்பதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.
• பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் கைப்பேசியையும் திறன்கடிகாரத்தையும் அதிலிருந்து குறைந்தது 15 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும்; சட்டைப்பையில் கைப்பேசி வேண்டாம்.
• நெஞ்சுவலி, மயக்கம், கடும் மூச்சுத்திணறல் ஏற்பட்டால் கருவியின் எச்சரிக்கைக்காகக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.

கருவிகள் மேன்மேலும் சிறியவை ஆகும், வழிகள் செம்மையாகும். அதை நாங்கள் மகிழ்வுடன் வரவேற்கிறோம். ஆயினும், இரவில் நோயாளியின் முனகலை முதலில் கேட்கப்போவது அடுத்த கட்டிலில் உறங்கும் நீங்கள்தாம். ஐயம் எழுந்தால் தயங்காமல் எங்களை அழையுங்கள்.