பழைய வண்டிக்குப் பல் பிடித்துப் பார்த்த கதை

நமக்கும் மோட்டார் வண்டிகளுக்கும் உள்ள சம்பந்தம் பஸ்ஸில் ஆரம்பித்துப் பஸ்ஸிலேயே முடிந்துவிடுவது. பதினெட்டு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பித்து வருகிறோம். டீசல் எஞ்சினின் நான்கு வீச்சுக்களையும் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைந்து காட்டிவிடுவோம். ஆனால் அசல் டீசல் எஞ்சின் ஒன்றின் பக்கத்தில் நின்று அதன் புகையை முகத்தில் வாங்கிக்கொண்டது சென்ற தை மாதத்தில்தான். அதற்குக் காரணம் நம் தம்பி.

தம்பிக்குத் தாண்டிக்குடிக்கு அருகே மூன்று ஏக்கர் மலைத்தோட்டம் இருக்கிறது. மிளகு, கொஞ்சம் காப்பி, இவற்றுக்கு நடுவே விருப்பாச்சி மலைவாழை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர் வாங்கித் தந்த அதே வாழைதான். 1970-களில் முடிக்கொத்து நோய் வந்து இந்த மலைகளில் வாழையே அற்றுப் போகும் போலிருந்ததையும், நம் தகப்பனார் கன்றுகளை வெட்டி எரித்ததையும் வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கண்டத்துக்குத் தப்பிய வாழை இப்போது வாடகை வண்டிக்குத் தப்பவில்லை. வாரம் எழுபது எண்பது தார் வெட்டினால், மலையிறக்கிச் சந்தை சேர்க்கும் கூலி போகக் கையில் நிற்பது சொற்பம். தவிர, வண்டிக்காரர் வருகிற நாள்தான் வெட்டுகிற நாள். அவர் இரண்டு நாள் தாமதித்தால் தார் பழுத்து விலை பாதியாகிவிடும்.

ஆகவே சொந்தமாக ஒரு பழைய சுமைவண்டி வாங்குவது என்று தம்பி தீர்மானித்தான். பணம் நாலு லட்சத்துக்கு மேல் இல்லை. அதிலும் இரண்டரை லட்சம் அவன் மனைவியின் கழுத்துச் சங்கிலியும் வளையல்களும் பாங்கிக்குப் போனதால் வந்தது. பாக்கி நம் சேமநிதியிலிருந்து எடுத்தது. நகையைக் கழற்றிக் கொடுத்தபோது அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. "அத்தான், நீங்களும் கூடப் போய்ப் பாருங்கள்" என்று நம்மிடம் மட்டும் சொன்னாள். பௌதிக ஆசிரியருக்கு எஞ்சின் தெரியாமல் இருக்குமா என்பது அவள் நம்பிக்கை. அதைக் கெடுக்க நமக்கு மனம் வரவில்லை.

மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நடக்க விட்டுப் பார்ப்பான். வண்டிக்குப் பல் எது, சுழி எது என்று தெரிய வேண்டுமே! இரண்டு வாரம் மாலை வேளைகளில் அந்தப் பாடத்தைப் படித்தோம்.

முதலில் தம்பியின் கண்ணில் பட்டது நம் ஜனங்கள் 'குட்டி யானை' என்று செல்லமாக அழைக்கும் டாடா ஏஸ். 2005-ல் வெளிவந்த அந்த வண்டியின் எஞ்சின் 702 கன சென்டிமீட்டர் கொண்டது. இரண்டே சிலிண்டர், 16 குதிரைச் சக்தி, முக்கால் டன் சுமை. சந்து பொந்துகளில் புகுந்து புறப்படுவதற்கு அதைப் போல் இன்னொன்று இல்லை. விலையும் மலிவு. எந்த ஊர்ப் பட்டறையிலும் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த பையன் ஒருவன் இருப்பான். ஆனால் நம் கணக்கில் ஓர் இடையூறு வந்தது. தாண்டிக்குடி நாலாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைகிறது. ஆயிரம் அடிக்குச் சுமார் நூற்றுக்கு மூன்று பங்கு வீதம் எஞ்சினின் பலம் குன்றும். பதினாறு குதிரையில் இரண்டு குதிரை மலை உச்சிக்கு வருவதற்குள் மூச்சு வாங்கிப் படுத்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் பதினான்கைக் கொண்டு உர மூட்டையோடு கொண்டை ஊசி வளைவு ஏறுவது எப்படி?

டர்போ என்னும் காற்றழுத்தி உள்ள எஞ்சினுக்கு இந்தக் கஷ்டம் வெகுவாகக் குறைவு. வீணாய் வெளியேறும் புகையின் வேகத்தைக் கொண்டே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிறார்கள். கழிவைக் கொண்டே காரியம் பார்க்கும் இந்த உபாயம் நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்தால் வெகுவாக மெச்சியிருப்பார்கள். அசோக் லேலண்டு கம்பெனியார் 2011-ல் வெளியிட்டு, ஓசூரில் செய்து வரும் தோஸ்த் இந்த வகை. மூன்று சிலிண்டர், 1,478 கன சென்டிமீட்டர், ஒன்றேகால் டன் சுமை. அதற்கும் மேலே மஹிந்திரா பொலேரோ பிக்கப்; நான்கு சிலிண்டர், 2,523 கன சென்டிமீட்டர். அது மலைநாட்டுக்கென்றே பிறந்தது போன்ற முரட்டு வண்டி. ஆனால் நம் நாலு லட்சத்துக்கு அகப்பட்டவையெல்லாம் உழைத்து ஓய்ந்தவை.

பெட்ரோல் எஞ்சினைப் பற்றியும் விசாரித்தோம். மாருதியின் சூப்பர் கேரி 2016-ல் இரண்டு சிலிண்டர் டீசலுடன் வந்தது. பின்னர் டீசல் நின்று, பெட்ரோலும் அழுத்த எரிவாயுவுமே மிஞ்சின. பெட்ரோல் எஞ்சின் சப்தமின்றி ஓடும், பழுதுச் செலவும் குறைவு. ஆனால் சுழற்சி வேகம் ஏறினால்தான் அதற்குப் பலம் வரும். பாரத்தை மெதுவாக இழுக்கும் வேலை டீசலுக்கே உரியது. எரிவாயு வண்டியில் மைலுக்கு ஆகும் செலவு குறைவுதான். ஆயினும் கனத்த உருளையைச் சுமந்து திரிய வேண்டும். அதை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை பரீட்சை செய்விக்க வேண்டும். மலைக்குப் போகுமுன் கீழேயே நிரப்பிக்கொள்ளவும் வேண்டும். சமவெளியில் பால் வண்டி ஓட்டுகிறவருக்கு நாம் தயங்காமல் அதையே சிபாரிசு செய்வோம். மின்சார வண்டி? அதில் இறங்கும்போது சக்தி திரும்பப் பாட்டரிக்கு வருகிறது என்பது பௌதிக ஆசிரியனின் நெஞ்சைக் கவரும் விஷயம். எனினும் பழைய வண்டிச் சந்தையில் நம் விலைக்கு அது கிடைக்கவில்லை.

இவ்வளவையும் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு, பட்டிவீரன்பட்டிச் சாலையில் நாற்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கும் பாயிடம் போனோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஸார், உங்கள் தம்பிக்குப் பாரம் மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா?"

நாம் விழித்தோம். வாழைத்தார் மலையிலிருந்து கீழேதான் வருகிறது! ஏறும்போது நாலு மூட்டை உரமும் அரிசியுந்தான். இத்தனை நாள் ஏற்றத்தையே நினைத்துக் குதிரைச் சக்தியை எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு டன் சரக்குடன் இருட்டில், மழையில், வளைவுக்கு வளைவு இறங்கப் போகிறவன் தம்பி என்பது நம் நோட்டுப் புத்தகத்தில் எங்குமே இல்லை.

"எஞ்சின் இழுக்காவிட்டால் வண்டி நின்றுவிடும். பிரேக் பிடிக்காவிட்டால் நிற்காது" என்றார் பாய்.

அன்று அவரிடம் கற்றதைக் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டும். மலைப்பாதையில் உறவினர் உள்ள எந்தக் குடும்பத்துக்கும் இது உதவும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை ஓயாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடியை இழக்கும். பிரேக் எண்ணெய் நாளடைவில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் சுபாவமுடையது. அந்த ஈரம் சூட்டில் ஆவியானால் மிதி பஞ்சு போல் உள்ளே போய்விடும். ஆகையால் எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய டிரைவர்களின் சட்டம். டீசல் எஞ்சின் தானே நன்றாகப் பிடித்து நிறுத்தும் என்று தரகர்கள் சொல்வது பாதி உண்மைதான். சாதாரண டீசல் எஞ்சினில் பெட்ரோலைப் போலக் காற்று வழியை அடைக்கும் தடுக்கு வேலை செய்வதில்லை. ஆதலால் தாழ்ந்த கியர் இருந்தால்தான் பிடிப்பு வரும். சிலர் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, எஞ்சினையும் அணைத்து இறங்குகிறார்கள். இது தற்கொலைக்கு ஒப்பானது. பிரேக்குக்கு உதவும் வெற்றிட பம்ப் எஞ்சினோடு சேர்ந்தே சுழல்வது. எஞ்சின் நின்றால் அந்த உதவியும் நின்றுவிடும். மேலும், கணினி கட்டுப்படுத்தும் எஞ்சின்களில் கியரில் இறங்கும்போது டீசல் தானாகவே நின்றுவிடுவதால் மிச்சம் என்பதும் பொய்.

தம்பி இதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வாடகை வண்டியில் எத்தனையோ முறை அப்படி இறங்கியிருக்கிறான் போலும்.

பிறகு வண்டி பார்க்கும் படலம். முதல் வண்டி திண்டுக்கல்லில் ஒரு தரகரிடம். புதுப் பெயிண்ட், புது இருக்கை உறை, கண்ணாடியில் எலுமிச்சம்பழம். விலை மூன்று லட்சத்து இருபதாயிரம். காலை ஏழு மணிக்கே போய் நின்றோம். தரகர் சாவியைப் போட்டார்; ஒரே திருப்பில் கிளம்பிற்று. தம்பியின் முகம் மலர்ந்தது. பாய் மட்டும் எஞ்சின்மேல் கையை வைத்துப் பார்த்து, "இது விடியற்காலையிலேயே ஒரு முறை எழுந்து காப்பி குடித்திருக்கிறது, ஸார்" என்றார். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் லட்சணத்தை மறைக்க முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை குப் குப்பென்று வந்தது. சிலிண்டர் தேய்ந்து அழுத்தம் கீழே கசிகிறது என்று அர்த்தம். வெளிப்புகையில் நீலம் தட்டிற்று, எண்ணெய் எரிகிறது. கறுப்பாயிருந்தால் டீசல் சரியாக எரியவில்லை என்றும், நின்றபாடில்லாத வெள்ளையானால் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். மீட்டரில் ஐம்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர். ஆனால் கிளட்ச் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து இரும்பு தெரிந்தது. கடைசியில் அவர் கீழே படுத்து விளக்கடித்தார். புதுப் பெயிண்டுக்குள்ளே சட்டத்தில் ஒட்டுப் போட்ட தழும்பு இருந்தது. நாம் வணக்கம் சொல்லிவிட்டு வந்தோம். வழியெல்லாம் தம்பி பேசவில்லை.

மூன்றாவதாகப் பார்த்ததுதான் நமக்கு வாய்த்தது. 2017-ஆம் வருஷத்து தோஸ்த், பி.எஸ். 4 ரகம். சொந்தக்காரர் மளிகைக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகள் புகையில் சுத்தமானவை, சந்தேகமில்லை. ஆனால் அவற்றின் டீசல் ரகங்கள் பலவற்றில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அடைத்துக்கொண்டால் செலவு பெரிது. நம் தம்பியின் கைக்கு அது தாங்காது என்று விட்டோம். புகையைப் பற்றி வகுப்பில் பிரசங்கம் செய்யும் நாம் இந்த இடத்தில் சற்று வெட்கப்பட்டோம் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

இந்த வண்டி குளிர்ந்தபடியே இரண்டாம் திருப்பில் கிளம்பிற்று. எண்ணெயில் பால் கலந்த நிறமில்லை. பெயிண்ட் மங்கல், இடது கதவு ஒடுங்கல். சொந்தக்காரர் அதை மறைக்கவும் இல்லை. இஞ்செக்டர் ஒன்று சற்றுத் தட்டுவதாகப் பாய் சொன்னதற்கு இருபதாயிரம் குறைத்துக்கொண்டார். மூன்று லட்சத்து நாற்பதாயிரத்தில் பேச்சு முடிந்தது.

வண்டிக்கும் ஜாதகம் உண்டு. பதிவுப் புத்தகத்திலுள்ள சட்ட எண்ணையும் எஞ்சின் எண்ணையும் இரும்பில் பொறித்ததோடு ஒத்துப் பார்த்தோம். பழைய கடன் தீர்ந்ததற்குக் கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட 35-ஆம் படிவம், பெயர் மாற்ற 29, 30 படிவங்கள், வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் கைக்கு வந்த பிறகே முழுப் பணமும் கொடுத்தோம். தகுதிச் சான்று முதல் எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கொரு முறை, பின்னர் வருஷந்தோறும் என்பதால் அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். மிஞ்சிய அறுபதாயிரத்தில் பாய் பிரேக் கட்டைகளையும் பிரேக் எண்ணெயையும் முழுக்க மாற்றினார், இஞ்செக்டரைச் சரி செய்தார், முன் டயர் இரண்டும் புதிதாகப் போட்டார். ஒடுங்கின கதவு ஒடுங்கினபடியே இருக்கிறது.

மாசி பிறந்து முதல் வெட்டு. எழுபத்திரண்டு தார். விடியற்காலை நாலரை மணிக்குத் தம்பி சந்தையிலிருந்து டெலிபோனில் பேசினான். "அண்ணே, முழு இறக்கமும் இரண்டாம் கியரிலேயே வந்தேன். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்" என்றான். அடித்தால் அடிக்கட்டும் என்றோம். பின் டயர் இரண்டையும் ஐப்பசி மழைக்கு முன்பு மாற்ற வேண்டும் என்று பாய் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறந்தான் நகை மீட்பு. அந்தப் பெண் ஒரு பழைய நாட்காட்டியின் பின்புறத்தில் வாரா வாரம் மிச்சமான கூலியை எழுதி வருகிறாள்.