தாச்சியில் உருகும் ஈயம்

மூன்று கல் அடுப்பில் கரிபிடித்த பழைய தாச்சி. பற்றறியை உடைத்தெடுத்த ஈயத்தகடுகள் அதில் இளகி வெள்ளிபோல் மினுங்குகின்றன. வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பவர் குனிந்து கசட்டைக் கரண்டியால் ஒதுக்குகிறார். சாம்பல் நிறத் தூசு முகத்திலும் சாரத்திலும் படிகிறது. வேலை முடிந்ததும் கையை உதறிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறார். ஈயம் உடம்புக்குள் போக இவ்வளவு போதும்.

கலியாணமாகி நாலைந்து வருடமாகியும் வீட்டில் தொட்டில் ஆடவில்லை என்றால், யாழ் குடாநாட்டில் கேள்வியெல்லாம் மனைவிக்கே. கந்தசஷ்டி விரதம் அவளுக்கு, சந்நிதி நேர்த்தி அவளுக்கு, ஸ்கான் அவளுக்கு. கணவரிடம், "என்ன தொழில் செய்யிறீங்கள்?" என்று கேட்பாரில்லை. கேட்கவேண்டியது அதைத்தான்.

1975இல் ருமேனியாவின் பற்றறித் தொழிலாளர்களை ஆராய்ந்த மருத்துவர்கள், ஈயம் ஏறியவர்களின் விந்தணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, நீந்தும் வேகம் தளர்ந்து, உருக்குலைந்திருக்கக் கண்டார்கள். நம் நாட்டிலும், குழந்தைப்பேறின்மைக்காகப் பரிசோதிக்கப்பட்ட 300 ஆண்களைப் பற்றிய ஆய்வு 2015இல் வெளிவந்தது. மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோரின் விந்துத் திரவத்தில் ஈயம் இருந்தது.

விந்தணுவின் மரபுப்பொருளை இறுக்கிக் கட்டிவைப்பது ஒரு புரதம். அதில் துத்தநாகம் இருக்கவேண்டிய இடத்தில் ஈயம் குந்திக்கொள்ளக்கூடும். அப்போது கட்டுத் தளர்கிறது. தாம்பத்தியத்தில் ஒரு குறையும் தெரியாமலே இது நடக்கலாம். சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது வாளித் தண்ணீரிலேயே அது தெரிந்தது. மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஈயம் அப்படிக் காட்டிக்கொடுக்காது. எலும்பில் போய்ப் படிந்து, ஆண்டுக்கணக்காக இரத்தத்துக்குள் கசிந்துகொண்டிருக்கும்.

2002இல் இலங்கையில் பெற்றோலிலிருந்து ஈயம் நீங்கியது. 2013 முதல் பெயின்ற்றில் அதற்குச் சட்டப்படி எல்லை வந்தது. முற்றத்துத் தாச்சியை நிறுத்தவேண்டியவர்கள் நாங்கள்தான். பற்றறியை வீட்டில் உடைக்கவேண்டாம். ஈயக்குண்டை வார்த்ததாகவே வாங்குங்கள். கராச்சில் வேலை செய்பவர்கள் சவர்க்காரம் போட்டுக் கைகழுவியபின் சாப்பிடுங்கள். வேலை உடுப்போடு வீட்டுக்குள் போகாதீர்கள். அந்தத் தூசு முதலில் பாதிப்பது தவழும் பிள்ளையைத்தான்.

ஒரு விந்தணு உருவாகச் சுமார் 74 நாள் ஆகிறது. ஈயத்தை விட்டு விலகியவருக்கும் முன்னேற்றம் தெரியச் சில மாதங்களாவது வேண்டும். நெடுநாள் பழகியவருக்கு இன்னும் கூடும். ஆகவே கிளினிக்குக்கு இருவரும் சேர்ந்தே போங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் தொழிலைச் சொல்லுங்கள். இரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். இத்தனை வருடம் மனைவி ஒருத்தியே சுமந்த பாரத்தில் பாதி அன்றைக்கே இறங்கும்.